வீட்டு மெயின் போர்டுக்கு வயசு என்ன, யாரு செஞ்சதுன்னு யாராச்சும் கேக்கறோமா?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்ங்க.

நான் சேலம் அம்மாபேட்டையில வயரிங் வேலை பாக்கறவன், லைசென்ஸ் வச்சிருக்கற வயர்மேன். உங்க பேப்பர்ல வீடு தீப்புடிச்ச செய்தி வர்றப்பல்லாம் உத்துப் படிப்பேன், ஆனா கடைசி வரியில மின்கசிவு காரணம்னு தெரியுது, போலீஸ் விசாரிக்கறாங்கன்னு முடிஞ்சிடுது. அந்த வீட்ல எந்த மாதிரி போர்டு இருந்துச்சு, ப்யூஸா, இல்ல லோடு ஏறுனா தானா ஆஃப் ஆகற எம்சிபி ஸ்விட்சா, எந்தக் கம்பெனி, எந்தக் காலத்துல மாட்டுனது, இதெல்லாம் ஒண்ணுமே வர்றதில்லீங்க. உங்க நிருபருங்கள குத்தம் சொல்லல, அவங்க போய் கேட்டாலும் அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. பழைய வண்டி வாங்கப் போனா எந்த வருஷ மாடல்னு தான் முதல்ல கேக்கறோம், வீட்டுக்கு பூரா கரண்ட் பிரிச்சு விடற போர்டுக்கு அந்தக் கேள்விய யாருமே கேக்கறதில்ல. அதப் பத்தி தான் எழுதறேன், கொஞ்சம் நீளமா போனாலும் போடுங்க.

எதுக்கு வயசு தெரியணும்னு கேப்பாங்க. செவ்வாய்ப்பேட்டை, குகை, அம்மாபேட்டை, பொன்னம்மாபேட்டை பக்கம் பழைய வீடுங்கள்ல இன்னும் 15 ஆம்ப் மெயின் ஸ்விட்ச் தான் நிக்குது. 15 ஆம்ப்னா 230 வோல்ட்டுக்கு 3450 வாட்டு. அது மாட்டுன காலத்துல ரெண்டு ஃபேன், நாலு குண்டு பல்பு, ஒரு ரேடியோ, அவ்ளோ தான் வீட்ல. இன்னிக்கு அதே வீட்ல 2000 வாட்டு கீசரும் 2000 வாட்டு இன்டக்ஷன் அடுப்பும் ஒண்ணா ஓடுனா அதுவே 17 ஆம்ப தாண்டிடுது, அதுக்கு மேல ஏசி, மிக்ஸி, அயர்ன் பாக்ஸு. ப்யூஸ் போவுது போவுதுன்னு யாரோ வந்து கைக்குக் கெடச்ச காப்பர் கம்பிய நாலா முறுக்கிப் போட்டுட்டு போயிடறாங்க, அப்பறம் ப்யூஸ் போறதே இல்ல, வயரு தான் உள்ள வெந்துகிட்டு இருக்குது. போர்டு எந்தக் காலத்துதுன்னு தெரிஞ்சா அது எவ்ளோ தாங்கும், உள்ள ஓடற வயர் எப்படிப்பட்டதா இருக்கும்னு பாதி கணக்கு போட்டுடலாம்.

சரி, எப்படிக் கண்டுபுடிக்கறது. முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், போர்டோட மூடிய நீங்களா கழட்டாதீங்க. மெயின ஆஃப் பண்ணாலும் மெயினுக்கு வர்ற பக்கம் கரண்ட் இருந்துகிட்டே தான் இருக்கும், மீட்டர் பக்கத்து ஈபி ப்யூஸ புடுங்குனா தான் போகும், அதுல கைவைக்கறது ஈபி ஆளுங்க வேலை. வெளிய இருந்து டார்ச் அடிச்சு பாக்கறதுக்கே நெறைய இருக்குது, உள்ள பாக்கணும்னா வயர்மேன வெச்சு பாருங்க.

நெறைய பேர் பண்ற தப்பு மீட்டர பாக்கறது. மீட்டர்ல கம்பெனி பேரு, சீரியல் நம்பர், வருஷம் எல்லாம் சுத்தமா போட்டிருக்கும், அத பாத்துட்டு இது புது போர்டு தாங்கன்னு சொல்லுவாங்க. மீட்டர் ஈபியோடது, சக்கரம் சுத்தற பழைய மீட்டர எடுத்துட்டு டிஜிட்டல் மாத்திட்டு போனது அவங்க, அவங்க வேலை அதோட முடிஞ்சுது. அதுக்கு கீழ இருக்கற உங்க மெயின் ஸ்விட்ச் உங்க தாத்தா காலத்துதா கூட இருக்கலாம். போர்டுன்னு நாம ஒரே சாமானா நெனைக்கறோம், ஆனா பெட்டிக்கு ஒரு வயசு, உள்ள கரண்ட பிரிச்சு விடற உலோகப் பட்டை, அதான் பஸ்பார், அதுக்கு ஒரு வயசு, எம்சிபிக்கு ஒரு வயசு, வயருக்கு ஒரு வயசு. எது ரொம்ப பழசோ அத வச்சு தான் முடிவு பண்ணணும்.

கம்பெனி பேர தேடறதுக்கு பழைய இரும்பு மெயின் ஸ்விட்ச்னா மூடி மேல பாருங்க, நாங்க ஐசிடிபின்னு சொல்றது. வார்ப்புலயே எழுத்து எழும்பி இருக்கும் இல்லன்னா சின்னதா ஒரு தகடு ரிவெட் அடிச்சிருப்பாங்க. ஆனா ஒவ்வொரு பொங்கலுக்கும் சுவத்துக்கு பெயின்ட் அடிக்கறப்ப அதுக்கும் சேர்த்து அடிச்சு அடிச்சு எழுத்து மூடிப் போயிருக்கும். இங்க அம்மாபேட்டையில தறிக்கார வீடு ஒண்ணு, கதவுக்குப் பின்னாடி தேக்குப் பலகையில போர்டு, மேல பச்ச பெயின்ட் அதுக்கு மேல க்ரீம் பெயின்ட் அதுக்கு மேல வெள்ளை. கரண்ட ஈபி ஆள வெச்சு நிறுத்திட்டு துணியில தின்னர் தொட்டு மெதுவா தொடச்சா தகடு வெளிய வந்துச்சு, கம்பெனி பேரு பாதி தேஞ்சு போச்சு, ஆனா கீழ 15 ஆம்ப் 250 வோல்ட், அதுக்கும் கீழ மெட்ராஸ்னு போட்டு கோடு போட்டு ஒரே ஒரு நம்பர். அந்த ஒத்த நம்பர் போதும்ங்க. ஆறு இலக்க பின்கோடு நம்ம நாட்டுல வந்தது 1972 ஆகஸ்ட் 15ந் தேதி, அதுக்கு முன்னாடி பெரிய ஊருங்களுக்கு மெட்ராஸ் 1, மெட்ராஸ் 2ன்னு தான் எழுதுவாங்க. அப்ப அந்த ஸ்விட்ச் அனேகமா அதுக்கு முந்துனது. வீட்டுக்கார அம்மா தன் கல்யாணத்துக்கு முன்னாடியே இது இங்க இருந்துச்சுன்னு சொன்னாங்க, கணக்கு சரியா வந்துச்சு.

அட்ரஸ் தான் இதுல பெரிய சாட்சி. மெட்ராஸ்னு இருந்து ஆறு இலக்க பின்கோடும் இருந்தா 1972க்கு அப்பறம், சென்னைன்னு பேரு மாறுன 1996க்கு முன்னாடின்னு ஒரு குத்துமதிப்பு கெடைக்குது. பம்பாய்னா 1995க்கு முன்னாடி, கல்கத்தான்னு இங்கிலீஷ்ல பழைய எழுத்துல இருந்தா 2001க்கு முன்னாடி. கம்பெனிக்காரங்க பழைய ஸ்டிக்கர கொஞ்ச நாள் ஓட்டியிருப்பாங்க, அதனால ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னப்பின்ன இருக்கலாம். ஸ்டிக்கர்ல வெப்சைட் அட்ரஸ் இருந்தா அது ரொம்ப பழசு இல்ல, புது ரூபா குறி போட்டு விலை இருந்தா 2010 ஜூலைக்கு அப்பறம் அச்சடிச்சது, ஏன்னா அந்தக் குறியே அப்ப தான் வந்துச்சு.

அடுத்தது ஐ.எஸ்.ஐ முத்திரை. வெறும் முத்திரைய வச்சு வயசு சொல்ல முடியாதுங்க, ஐ.எஸ்.ஐங்கற தரம் பாக்கற நிறுவனம் 1987 ஏப்ரல்ல பி.ஐ.எஸ் ஆயிடுச்சு ஆனா முத்திரை அதே தான் இன்னிக்கும். முத்திரைக்கு மேல ஒரு நம்பர் இருக்கும் பாருங்க, அதுல தான் விஷயம். எம்சிபியில ஐ.எஸ். 8828ன்னு இருந்தா அது பழைய ஸ்டாண்டர்டு, 1978ல வந்து 1996ல திருத்துனது. ஐ.எஸ்./ஐ.ஈ.சி. 60898ன்னு இருந்தா அதுக்கு அப்பறம் வந்த புது ஸ்டாண்டர்டு. ஷாக் அடிக்காம காப்பாத்தற ஆர்சிசிபிக்கு 12640ன்னு வரும். முத்திரைக்கு கீழ சி.எம்/எல்னு (CM/L) ஆரம்பிச்சு ஒரு லைசென்ஸ் நம்பர் இருக்கும், அது அந்த ஃபேக்டரிக்குன்னு குடுத்தது, மேல எந்த பிராண்டு பேரு அச்சடிச்சிருந்தாலும் நெஜமா செஞ்சது யாருன்னு அந்த நம்பர் சொல்லிடும். பி.ஐ.எஸ் கேர்னு ஒரு ஆப் இருக்குது, அதுல நம்பர போட்டா கம்பெனி பேரு, ஊரு, லைசென்ஸ் உயிரோட இருக்கா இல்லையான்னு வந்துடும். டவுன்ல ஒரு கடையில கஸ்டமர் ஒருத்தர் விலை கம்மின்னு அவரே வாங்கிட்டு வந்த எம்சிபிய ஆப்ல போட்டு பாத்தா அந்த நம்பர் எம்சிபியே செய்யாத வேற ஏதோ கம்பெனியோடது, மேல இருந்த பேரு பெரிய பிராண்டு, நகத்துல சொரண்டுனா அச்சு உரிஞ்சு வருது. மாட்ட மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். எம்சிபி, வயர், ஸ்விட்ச் எல்லாத்துக்கும் ஐ.எஸ்.ஐ கட்டாயம்னு 2003லயே மத்திய அரசு ஆர்டர் போட்டாச்சு, அப்படியும் இந்த மாதிரி சரக்கு வந்துகிட்டு தான் இருக்குது.

கம்பெனிங்க கை மாறுனதையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டா ரொம்ப உதவும். ஆங்கர் பேரு மட்டும் தனியா இருந்தா பழசா இருக்க வாய்ப்பு, 2007ல அத பானசோனிக் குரூப் வாங்குச்சு, அப்பறம் வந்ததுல பானசோனிக் பேரும் சேர்ந்து வரும். இந்தோ ஏசியன் ஸ்விட்ச்கியர லெக்ராண்ட் வாங்குனது 2010ல. எல் அண்ட் டியோட எலக்ட்ரிக்கல் பிரிவு 2020 ஆகஸ்ட்ல ஷ்னைடருக்குப் போயிடுச்சு, 2024ல அதுக்கு லாரிட்ஸ் நட்சன்னு பேரு மாத்திட்டாங்க, அதனால இப்ப கடையில எல் அண்ட் டி கேட்டா இந்தப் பேர்ல குடுப்பாங்க, டூப்ளிகேட்டுன்னு பயப்பட வேண்டாம். பழைய வீட்டு ப்யூஸ்ல இங்கிலீஷ் எலக்ட்ரிக்னு பேரு பாத்திருக்கேன், இன்னிக்கு அந்தப் பேர்ல போய் ஸ்பேர் கேட்டா கடைக்காரப் பையன் முழிக்கறான். கம்பெனி தெரியணும்னு நான் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம், செஞ்சவங்களே இல்லன்னா அதுக்கு சரியான ஸ்பேரும் கெடைக்காது, வேற கம்பெனி எம்சிபிய அந்தப் பெட்டியில திணிச்சு மாட்டுவாங்க, பஸ்பார்ல சரியா ஒக்காராது, லூஸ் காண்டாக்ட் ஆகி அந்த எடம் பழுப்பாகி கருகிடும்.

எழுத்தே இல்லாத போர்டும் இருக்குதுங்க, அதுக்கு சாமான வச்சு சொல்லணும். பலகை மேல பீங்கான் ப்யூஸ் கேரியர், பித்தளை குமிழ் வச்ச உருண்டை ஸ்விட்ச்னா ரொம்ப பழசு. கருப்பு பேக்லைட் ஸ்விட்ச், அதுக்கப்பறம் வெள்ளை பியானோ ஸ்விட்ச், அதுக்கப்பறம் மாடுலர்னு வரிசையா வந்துச்சு. சாக்கெட்ல 5 ஆம்ப், 15 ஆம்ப்னு போட்டிருந்தா பழைய காலம், 6, 16ன்னு போட்டிருந்தா பிந்துனது. எம்சிபியில எல் சீரிஸ், ஜி சீரிஸ்னு போட்டிருந்தா முன்ன வந்தது, இப்ப பி, சி, டி தான், சி 16ன்னு போட்டு பக்கத்துல கட்டத்துக்குள்ள 6000, 10000ன்னு இருக்கும், அது ஷார்ட் ஆனா எத்தன ஆம்ப் வரைக்கும் வெடிக்காம அறுத்து விடும்ங்கற கணக்கு. ப்யூஸ் கரண்ட் வர்ற ஃபேஸுக்கு ஒண்ணு, திரும்பிப் போற நியூட்ரலுக்கு ஒண்ணுன்னு ரெண்டு இருந்தா உடனே மாத்திடுங்க, நியூட்ரல் ப்யூஸ் போயிட்டா லைட்டு எரியாது ஆனா வயர்ல கரண்ட் இருக்கும், தொட்டா அடிக்கும், 1956 விதியிலயே நியூட்ரல்ல தனியா ப்யூஸ் கூடாதுன்னு இருக்குது.

வயரும் பேசும்ங்க. ரப்பர் மேல நூல் பின்னுன வயர் மரப்பட்டி மேல ஓடுனா அது பிவிசி பரவலா வர்றதுக்கு முந்துன வயரிங், ரப்பர் காஞ்சு போய் கை பட்டாலே பிஸ்கட் மாதிரி உதிரும். பெரியவங்க மூணு இருபது, ஏழு இருபது வயர்னு சொல்லுவாங்க, அது பழைய கேஜ் கணக்கு, இப்ப ஸ்கொயர் எம்எம் கணக்கு. காப்பருக்கு தட்டுப்பாடு இருந்த அறுபது எழுபதுகள்ல அலுமினிய வயர் நெறைய போட்டாங்க. அலுமினியம் இருந்தா தெரியாம விட்றாதீங்க, அது ஸ்க்ரூ இறுக்கத்துல மெல்ல நசுங்கி நழுவிப் போயிடும், மேல ஆக்சைடு படிஞ்சு சூடாகும், காப்பரோட நேரடியா முறுக்கி விட்டா இன்னும் மோசம். வயர் அலுமினியமா இருக்கறப்ப போர்ட மட்டும் பளபளன்னு மாத்துனா பிரச்சனை தீராது.

ஏற்காடு கதை வேற. கீழ சேலத்துல சூடும் தூசியும்னா மேல பனியும் ஈரமும் இடியும். காபி எஸ்டேட் பங்களா ஒண்ணுல வேலைக்குப் போனேன், ஹோம்ஸ்டே நடத்தறாங்க, அறைக்கு அறை கீசர். ஓனர் இப்ப சமீபத்துல தாங்க போர்டு மாத்துனோம்னு சொன்னார். எம்சிபி எல்லாம் புதுசு தான், மறுக்கல. மூடிய கழட்டி உள்பக்கம் பாத்தா சர்க்யூட் பேரு எழுதற பேப்பர் ஸ்டிக்கர் ஈரத்துல மஞ்சளாகி பூஞ்சை புடிச்சு இருக்குது, அதுல கம்பெனி அட்ரஸ் மெட்ராஸ், பின்கோடு இருக்குது, வெப்சைட் இல்ல, அப்ப பெட்டியும் பஸ்பாரும் தொண்ணூத்தி ஆறுக்கு முந்துனது. பஸ்பார் பித்தளை ஸ்க்ரூல எல்லாம் பச்சைப் பாசி மாதிரி களிம்பு, எர்த் வயருங்க வந்து சேர்ற இரும்புப் பட்டைய துரு தின்னுடுச்சு. முன்ன மாட்டுன ஆள் முகத்த மட்டும் புதுசாக்கிட்டு போயிட்டார். ப்ளாஸ்டிக் மூடியோட உள்பக்கம் கடிகாரம் மாதிரி ஒரு வட்டம் அச்சா இருந்தா அதையும் பாருங்க, நடுவுல வருஷம், சுத்தி மாசத்துக்கு ஒரு நம்பர், அம்பு எங்க நிக்குதோ அந்த மாசம் அச்சுல ஊத்துன சாமான். அந்த பங்களாவுல புது மூடியில ஒரு வருஷம், பழைய பெட்டியில வேற காலம்னு ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருந்துச்சு. ஓனர கூப்பிட்டு டார்ச் அடிச்சு காட்டுனேன், அவரே ஸ்டிக்கர படிச்சு பாத்தார், அப்பறம் பெட்டியோட மொத்தமா மாத்திடுங்கன்னு சொல்லிட்டார்.

போர்டு எழுதாதத வீட்டுக் காகிதம் சொல்லும். சேலத்துல ஒரு காலத்துல கரண்ட் குடுத்தது சேலம் ஈரோடு எலக்ட்ரிசிட்டி டிஸ்ட்ரிபியூஷன் கம்பெனின்னு ஒரு தனியார் கம்பெனி, அந்தப் பேர்ல டெபாசிட் ரசீது பீரோவுல இருந்தா உங்க சர்வீஸ் ரொம்ப பழசு. மின்சார வாரியம் ஆரம்பிச்சது 1957 ஜூலை, டான்ஜெட்கோன்னு பிரிச்சது 2010 நவம்பர், 2024ல திரும்ப பிரிச்சு இப்ப டிஎன்பிடிசிஎல். ரசீது தலைப்புல எந்தப் பேரு இருக்குதுன்னு பாத்தா கனெக்ஷன் எந்தக் காலத்துல குடுத்ததுன்னு தெரிஞ்சிடும்.

அமெரிக்காவுல வீடு விக்கறப்ப பெரும்பாலும் இன்ஸ்பெக்டர் ஒருத்தர் வந்து போர்டையும் பாத்து ரிப்போர்ட்ல எழுதிக் குடுத்துடறார். அங்க ஃபெடரல் பசிபிக்னு ஒரு கம்பெனி, அதோட ஸ்டாப்-லாக் போர்டு 1950கள்ல இருந்து எண்பதுகள் வரைக்கும் லட்சக்கணக்கான வீட்ல மாட்டுனது, லோடு ஏறுனா ப்ரேக்கர் விழாமயே இருக்கும்ங்கற புகார்ல அது மாட்டுச்சு, சோதனையில சரியா தேறாத ப்ரேக்கர வித்தாங்கன்னு நியூஜெர்சி கோர்ட்டு 2002ல அந்தக் கம்பெனிக்கு எதிரா தீர்ப்பு குடுத்துச்சு. இன்னிக்கும் அங்க வீடு வாங்கறவங்க போர்டுல அந்தப் பேரு இருந்தா மாத்திக் குடுன்னு கேக்கறாங்க. வீட்டுக்கு வீடு பேரு எழுதி வச்ச பழக்கம் இருக்கறதால தான் இதெல்லாம் முடியுது. இங்க ஒரு கம்பெனி சரக்கு மோசம்னு நாளைக்கு தெரிஞ்சாலும் எந்தத் தெருவுல எத்தன வீட்ல அது இருக்குதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, என்னாலயும் நான் மாட்டுன வீட்டத் தவிர சொல்ல முடியாது.

உங்க பேப்பர் மூலமா மூணு பேருக்கு சொல்லணும்ங்க. வீட்டுக்காரங்களுக்கு, வீடு வாங்கறதுக்கோ வாடகைக்கு போறதுக்கோ முன்னாடி போர்ட போன்ல நாலு போட்டோ எடுங்க, மெயின் ஸ்விட்ச் தகடு, எம்சிபி முகம், ஐ.எஸ்.ஐ நம்பர், வயர் உள்ள போற எடம். பழுப்பு கறையோ பிளாஸ்டிக் கருகுன வாசனையோ இருந்தா அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. ஆர்சிசிபி இருந்தா 'T'ன்னு எழுதுன பட்டன அமுக்கி பாருங்க, விழலன்னா அது வேலை செய்யல, 30 மில்லி ஆம்ப் தானான்னும் பாத்துக்குங்க, 100, 300ன்னு இருந்தா அது ஆள காப்பாத்தறதுக்கு இல்ல. என்ன மாதிரி வயர்மேனுங்களுக்கு, போர்டு மாட்டுனா கதவு உள்பக்கம் அழியாத மார்க்கர்ல தேதி, கம்பெனி, எந்த வயரு எத்தன ஸ்கொயர் எம்எம்னு எழுதிட்டு வாங்க, பாதி மட்டும் மாத்துனா எத மாத்தல, ஏன் மாத்தலன்னும் எழுதுங்க, அடுத்து வர்றவன் ஏமாற மாட்டான்.

மின்வாரிய அதிகாரிங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். புது சர்வீஸ், லோடு ஏத்தறது, பேர் மாத்தறது எதுக்கு மனு குடுத்தாலும் நாங்க வயரிங் டெஸ்ட் ரிப்போர்ட் குடுக்கற எடத்துல போர்டு கம்பெனி, லைசென்ஸ் நம்பர், மாட்டுன வருஷம்னு ஒரு வரி சேர்த்துடுங்க. நிரப்பறதுக்கு ரெண்டு நிமிஷம் ஆகாதுங்க, அந்த வரி அவங்க கம்ப்யூட்டர்ல சர்வீஸ் நம்பரோட ஒக்காந்துடும், அடுத்து அந்த வீட்டுக்கு லோடு கேட்டு மனு வர்றப்ப பழைய 15 ஆம்ப் மெயின்ல தான் இவங்க கார் சார்ஜர் கேக்கறாங்கன்னு கரண்ட் குடுக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும். சேலம் கோட்டத்துல மட்டும் சோதனையா ஆரம்பிச்சாலும் நாங்க எழுதிக் குடுக்க ரெடியா இருக்கோம்ங்க.

இப்படிக்கு,
வயரிங் வேலை பாக்கும் வாசகன்,
அம்மாபேட்டை, சேலம்.